பாரம் இறங்கிய பிறகு

ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் எடுக்கக் கூடாது.
லாங்கன்தால் சட்டத்தில் அப்படி உண்டோ தெரியாது,
மூன்றாம் மாடி பால்கனியில் உண்டு:
ஹெர் சூர்ஃப்ளூ, கையில் கோப்பிக் கோப்பை.

அதனால் பழைய புஷ்களைச்
சத்தமில்லாமல் கழற்ற வேண்டியிருந்தது.
ஒரு நீள போல்ட், இரண்டு சாக்கெட், தடித்த வாஷர்.
நட்டைத் திருகத் திருக
ஐம்பத்தேழு வருட றப்பர்
அரிசியளவு அரிசியளவாய் வெளியே வந்தது.
வெடித்து, உலர்ந்து,
இடதுபக்கம் கூடுதலாய்த் தேய்ந்து.
"உன்ர பக்கம்" என்றான் நாயகம்.
ஓட்டினது நான்தான். மறுக்கவில்லை.

பிரிகிறபோது சோபா அவனுக்கு,
தையல் மெஷின் எனக்கு,
இந்த வெளிர்நீல வால்வோ மட்டும்
வகுபடவில்லை.
சொலத்தூர்ன்காரர் ஒருவர் வாங்கத் தயார்,
புதுப் பரிசோதனை முத்திரை இருந்தால்.
நாளை காலை ஏழு நாற்பதுக்கு நேரம்.

பின் அச்சு கராஜ் தரையில்
இரு கையும் விரித்துப் படுத்திருந்தது,
நடுவில் வயிறு மட்டும் புடைத்து.
புது புஷ்களுக்குப்
பாத்திரம் கழுவும் சோப்பு பூசினேன்.
அவன் கை கிரீஸ் டப்பாவுக்குப் போனது,
தட்டிவிட்டேன்.
எண்ணெய் பட்டால் றப்பர் ஊதிவிடும்.
நவம்பருக்குப் பிறகு
நாங்கள் தொட்டுக்கொண்டது அப்போதுதான்.

வயிற்றின் கீழ் ஜாக்கை உருட்டினோம்.
இடது நுனி அவன், வலது நுனி நான்.
என் துளை நேர்வந்தால் அவன் துளை விலகும்,
அவனுடையது வந்தால் என்னுடையது.
நாலு மில்லிமீட்டருக்கு நாற்பது நிமிடம்.
"கொஞ்சம்."
"எவ்வளவு கொஞ்சம்?"
"கொஞ்சத்திலும் கொஞ்சம்."
போல்ட் திடீரென்று தானாகவே நுழைந்தது,
அழைப்புமணி அடிக்காத விருந்தாளி.

பிறகு பிரேக்.
அவன் மிதியில், நான் சக்கரத்தடியில்.
"அமத்து. பிடி. விடு."
குழாயில் குமிழிகள்.
"அமத்து. பிடி. விடு."
வக்கீலுக்கு முன்னால்கூட
இவ்வளவு ஒழுங்காய் நாங்கள் கதைத்ததில்லை.

குமிழி நின்றதும் டார்க் ரெஞ்சை எடுத்தான்.
"இப்ப இல்லை" என்றேன்.
பின்பக்கம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால்
றப்பர் அந்தத் தொங்கலையே
தன் நிலை என்று பிடித்துக்கொள்ளும்.
தரைக்கு வந்த நாளிலிருந்து முறுகியே இருக்கும்,
ஒரு வருடத்தில் கிழியும்.
எண்பத்து நாலாம் பக்கம்:
முழுப் பாரமும் இறங்கட்டும், பிறகு இறுக்கு.

அவன் என்னைப் பார்த்தான்.
நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

ஸ்டாண்டுகளை அச்சுக்கு அடியில் மாற்றினோம்.
கார் மெல்லத் தன்னை இறக்கிவைத்தது,
ஸ்பிரிங் ஒருதரம் முனகியது.
"காணாது. பின் சீட்டில ஏறு."
ஏறினேன். ஓட்டுகிறவளுக்குப் பின் சீட் புதிது.
கூரைத் துணியில் ஒரு தையல் பிரிந்திருக்கிறது.
கதவுப் பையில் பாதி மிக்ஸ்சர் பக்கெட்,
வாய் றப்பர்பேண்டால் கட்டியபடி.
இங்கே யார் இருந்து தின்றோம்?

கீழே அவன் மல்லாந்து.
நடுவே ஒரு தகடு, கொஞ்சம் பழைய தார்.
"ஆடாத" என்றான்.
ஆடவில்லை.
டிக். இடது.
டிக். வலது.
என் எடை இன்றைக்கு
ஒரு வேலைக்கு உதவியது.

திங்கள் காலை பரிசோதகர்
கம்பி நுழைத்து ஒவ்வொரு புஷ்ஷையும் நெம்பினாள்.
அசையவில்லை. தலையாட்டினாள்.
பிறகு முன்னால் போய்
வைப்பரைத் தூக்கிப் பார்த்தாள்.
றப்பர் வெடித்திருந்தது.

வெளியே தூறல்.
"வைப்பர் மாத்த அஞ்சு நிமிசம்" என்றான் நாயகம்.
"ம்" என்றேன்.
தாளில் முப்பது நாள் என்று போட்டிருந்தது.