அறுபத்திரண்டில்

அறுபதில் ஒன்றுமில்லை.
எழுபதிலும் ஒன்றுமில்லை.
இடையில், அறுபத்திரண்டில்,
கையுறையை இழுத்துவிட ஒரு கை எடுத்தால்
ஹாண்டில் மாட்டேன் மாட்டேன் என்று தலையாட்டும்.

முதலில் காற்று என்று நினைத்தேன்.
எம்மெ ஆற்றுப் பாலத்தில் எப்போதும் காற்றுத்தான்.
பிறகு, இலை அசையாத ஒரு காலையிலும் ஆடியது.

இறுக்கிப் பிடியும், என்றார் கௌரிபாலன்.
பிடித்தேன். ஆட்டம்
தோளுக்கு ஏறி, தாடைக்கு ஏறி
பல்லில் வந்து நின்றது.
அப்ப வித்துப்போடும், என்றார்
ரீவியில் இருந்து கண் எடுக்காமல்.

விற்கவில்லை.
இரவு வேலை முடிகிற நேரத்தில்
புர்க்டோர்ஃப் ஆஸ்பத்திரி வாசலில் பஸ் இல்லை.
அது பாதி உண்மை. மீதியை
நான் அவருக்குச் சொன்னதில்லை.

ரயரில் தொடங்கினேன்.
உள்ளங்கையால் முன்னோக்கித் தடவ வழுவழு,
பின்னோக்கித் தடவ வாளின் பல்.
புது ரயர், நூற்று நாற்பது பிராங்.
கராஜ் பையன் சில்லைச் சுழற்றி
ஐந்து கிராம் கட்டி ஒன்று ஒட்டினான்,
யோசித்து இன்னொரு ஐந்து.
அறுபத்திரண்டில் ஆடியது.
பின்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினேன்.
ஆடியது, கொஞ்சம் வெட்கப்பட்டு.
சில்லுப் பெயாரிங், ஃபோர்க் எண்ணெய், அச்சு நட்டு,
நகை தொலைந்த வீட்டில் விருந்தாளிகளைப் பார்ப்பதுபோல்
ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.

சலவைப் பகுதியில் வேலைசெய்யும் ரேத்தோ
ஞாயிறு காலை ஜாக்கியோடு வந்தான்.
எஞ்சினுக்குக் கீழே பலகை கொடுத்துத் தூக்க
முன்சில்லு நிலத்தை விட்டது.
கையால் வேண்டாம், விரலால் திருப்பு, என்றான்.
இடமிருந்து வலம் இரண்டு விரல்.
வழுக்கி வந்தது, வந்தது,
நடுவில், சரியாக நேர் பார்க்கும் இடத்தில்,
டிக்.
சின்னக் குழியொன்றில் விழுந்து ஏறியதுபோல்.
வலமிருந்து இடம். டிக்.
நான் அவனைப் பார்த்தேன்.
அவன் கோப்பியைக் குடித்தான்.

நட்டைக் கழற்றி, ஃபோர்க்கை இறக்கி,
வயர்கள் கொத்தாய்த் தொங்க
கழுத்துக்குள் எட்டிப் பார்த்தோம்.
கிறீஸ் இருந்த இடத்தில் துரு.
வளையத்தை நகத்தால் தடவினேன்.
அம்மைத் தழும்பாய் வரிசையாகப் பள்ளங்கள்.
இருபத்தொரு வருசம்.
எனக்கு முன் மூன்று பேர்.
எல்லோரும் நேராகவே ஓடியிருக்கிறார்கள்.
நேர் ஓட்டமே தோண்டிய குழி.
வளைவுகளில் இது என்னைக்
கைவிட்டதே இல்லை, இப்போது யோசித்தால்.

பழைய வளையத்தை அடித்து இறக்க
மூன்றாவது அடியில் மேல்மாடி ஜன்னல் திறந்தது.
திருமதி ஹிர்ஸ்ப்ரூனர் ஒன்றும் சொல்லவில்லை.
தன் மணிக்கூட்டைப் பார்த்தார்.
ஞாயிற்றுக்கிழமை சுத்தியலுக்கும் ஓய்வு.

குளிரில் இரும்பு சுருங்கும்.
பாரைமீனுக்கும் பச்சைப்பட்டாணிக்கும் நடுவில்
புது வளையங்கள் இரண்டு, இரண்டு நாள்.
குழம்புக்கு மீன் எடுக்கப் போனவர் கேட்டார்,
என்னப்பா இது?
கழுத்து, என்றேன்.

செவ்வாய் மாலை ஒரே தட்டில் இறங்கின.
விரல் நிறையக் கிறீஸ் அப்பினேன், உருண்டை உருண்டையாய்.
பிறகு, நட்டை இறுக்கினேன்.
பயந்தவளின் இறுக்கு.
ஓபர்புர்க் வரை போவதற்குள் தெரிந்தது:
பதினைந்தில், சிக்னலுக்கு முன்,
வீட்டு எண்ணை மறந்த குடிகாரன்போல்
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
திரும்பி வந்து அரைக்கால் சுற்றுத் தளர்த்தினேன்.
சில்லைத் தூக்கி, ஹாண்டிலை நேரே நிறுத்தி
லேசாய் ஒரு தட்டு.
தன் பாரத்தில் தானே சாயவேண்டும்;
தொப்பென்று விழக்கூடாது, முறைத்து நிற்கவும் கூடாது.

சாய்ந்தது,
தூக்கம் வந்த பிள்ளைபோல்.

புதன் விடியல். ஹாஸ்லெ ரோட்டு, ஈரமில்லை.
அறுபத்திரண்டு.
ஒரு கை எடுத்தேன்.
மற்றதையும்.
முன்னால் எதுவும் நடக்கவில்லை,
ரோட்டும் பனிப்புகாரும் தவிர.
சரியாகவே இருந்த கையுறையை
இரண்டு தரம் இழுத்துவிட்டேன்.

அந்த அமைதியில்தான் கேட்டது,
பின்னால், சங்கிலிப் பக்கம்,
கீச்சென்று ஏதோ.