நாற்பத்தோராம் பக்கத்தில் சாகிறவர்

எங்கள் நாட்டில் புத்தகத்துக்கு நட்சத்திரம் போடுவதில்லை,
பகடை போடுகிறோம்.
ஒன்று விழுந்தால் அடுப்புக்கு.
ஆறு விழுந்தால் அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.
வாராங்கர் கரையின் வாரப் பத்திரிகைக்காக
பதினோரு வருடமாக உருட்டுகிறேன்,
பெட்ரோல் பங்கில் லாரிகள் வராத நேரங்களில்.
உண்மையில் உருட்டுவதில்லை.
எந்த முகம் மேலே வரவேண்டுமோ
அதை நானே திருப்பி வைக்கிறேன்.

ஈஸ்டர் வந்தால் நார்வே முழுக்கக்
கொலைக்கதை படிக்கும்.
பனிக்குடில், ஆரஞ்சுத் தோல்,
கம்பளிக் காலுறைக்குள் கால், மடியில் ஒரு பிணம்.
எனக்கு அந்த மாதம் பதினான்கு புத்தகம்,
ஒன்றுக்கு எண்பது சொல்.

ஒன்றைப் படித்தால் எல்லாம் படித்த மாதிரிதான்:
விறுவிறுப்பு. நடுவில் தொய்வு.
துப்பறிகிறவளின் குடி போன புத்தகத்திலேயே புளித்துவிட்டது.
கொலையாளியை அறுபதாம் பக்கத்தில் பிடித்துவிட்டேன்.
நான்கு.

அறுபதாம் பக்கம் என் கர்வம்.
பல் மருத்துவர் தேவைக்கு மேல் சிரித்தால் அவர்தான்.
யாரும் கேட்காமலே
"படகை விற்றுவிட்டேன்" என்று மைத்துனன் சொன்னால்
அவனேதான்.

பதிப்பகங்கள் இந்தக் கோடிக்குத் தபால்செலவு செய்வதில்லை.
நூலகப் பேருந்துதான் கதி.
இந்த வருடம் அதில் எடுத்த பிரதியில்
முதல் அத்தியாயத்திலேயே
ஹல்வார் என்ற பெயரைச் சுற்றி
ஒரு பென்சில் வட்டம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.
எனக்கு முன்னால் எவனோ
கொலையாளியைக் காட்டிக்கொடுத்துவிட்டான்!
ஹல்வார் மேல் ஒரு கண் வைத்தேன்.
அவர் கதவைச் சாத்தினால் சந்தேகம், திறந்தால் சந்தேகம்.
பாதி மதிப்புரையை எழுதியே விட்டேன்.
நாற்பத்தோராம் பக்கத்தில் அவர் செத்துப்போனார்.

அடுத்த புத்தகத்தில் மாக்னில் என்பவளுக்கு வட்டம்.
நூற்றுப்பன்னிரண்டில் கிணற்றில் கிடந்தாள்.
மூன்றாவதில் தபால்காரர்,
ஒரு வாக்கியத்தை முடிக்கக்கூட விடவில்லை பாவம்.
அப்போதுதான் உறைத்தது.

யார் எடுத்த புத்தகம் என்று சொல்ல
ஓட்டுநர் ராங்வாலுக்கு விதி இடம்தரவில்லை.
ஆயிரம் கொலை படித்தவளுக்கு இது ஒரு தடையா?
எழுபதாம் பக்கத்தில் ஒட்டியிருந்தது காட் மீனின் செதில்.
மீன் ஆலையில் ஷிப்ட் முடிவது நான்கு மணிக்கு.
பேருந்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர்.
அதில் ஒருத்தி கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள்.

யூராத்தே. லித்துவேனியாக்காரி.
எங்கள் மொழியை இன்னும் முள் எடுத்து எடுத்துத்தான் பேசுகிறாள்.
"கடைசியை முதலில் படிப்பேன். யார் சாகிறது என்று பார்ப்பேன்.
அப்புறம் முதலிலிருந்து."
அப்புறம் படிக்க என்ன இருக்கிறது என்றேன்.
சொல்லைத் தேடினாள். தேடி எடுத்தாள்.
"அந்த ஆள் காபி குடிக்கும்போது
நான் அவசரப்படுவதில்லை."

ராங்வால் ஹாரன் அடித்தார். ஏறிப் போய்விட்டாள்.
மேற்கொண்டு நான் துப்பறியவில்லை.

இரவு, பம்ப் விளக்குகள் மட்டும் எரிய,
ஹல்வாரின் நாற்பது பக்கங்களைத் திரும்பப் படித்தேன்.
இரண்டு சர்க்கரைக் கட்டி போடுகிறார்,
மூன்றாவதைக் கையில் வைத்து யோசிக்கிறார்.
தங்கைக்கு போன் செய்ய எண்ணை அழுத்திவிட்டு
வைத்துவிடுகிறார்.
இடது கையுறை எப்போதும் ஈரம்.
இதெல்லாம் அங்கேயேதான் இருந்திருக்கிறது,
நான் கைரேகை தேடிக்கொண்டிருந்தபோது.

எண்பது சொல்லும் அவருக்கே கொடுத்தேன்.

ஆசிரியர் ஸ்டைனர் கூப்பிட்டார்.
கதை எங்கே? திருப்பம் எங்கே?
போகட்டும், பகடை எத்தனை?

இந்த முறை நிஜமாகவே உருட்டினேன்.
கவுண்டரின் விளிம்பு தாண்டி
சாக்லேட் அடுக்குக்குக் கீழே போய்விட்டது.
போனில் அவர் காத்திருக்கிறார்.
நான் இன்னும் குனிந்து பார்க்கவில்லை.