மூன்றாவது பூச்சு

மார்ச் கடைசி. நுவரெலியா வாவிக்கரைப் புல்லில்
ராட்டினத்தைத் துண்டு துண்டாய் இறக்கினோம்.
நிஸ்தார் நானா போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்:
"இந்த வருசம் இவன்தான்."
இரும்பு மூஞ்சி. ஒரு கண் சிவப்பு. கன்னத்தில் தழும்பு.
"படம் எப்ப வருது நானா?"
"சித்திரைக்கு. நம்ம சீசனும் அப்பதானே."

போன வருசத்து எட்டுக்கைப் பிராணி
பன்னிரண்டு பெட்டியிலிருந்தும் என்னையே பார்த்தது.
அதுவும் ஒரு சித்திரைப் படம்தான்.
கைக்கு நாற்பது உறிஞ்சி, எண்ணி வைத்தவன் நான்.
உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பூசு என்றார்.
தேய்க்கவில்லை.
ஒரு நாள் பேர் மிச்சம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு
மேலேயே அடித்தேன் சாம்பல்.

ட்ரெய்லர் இரண்டு நிமிடம் பதினோரு வினாடி.
அவன் முகம் தெரிவது நான்கு வினாடி.
நிறுத்தி நிறுத்திப் பார்த்து
தழும்பை இடப்பக்கம் போட்டேன்.
அது கண்ணாடியில் தெரிகிற காட்சி என்பது
எட்டாம் பெட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.
மீதி நான்கில் வலப்பக்கம்.
இரட்டைப் பிள்ளைகள் என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும்.

படம் வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு.
திங்கள் ஹட்டன் தியேட்டரில் வேறு போஸ்டர்.
எங்களுக்கோ இன்னும் பதினாறு நாள் பாக்கி.
"தோத்த படத்துல எவன் ஏறுவான்?"
நானா கேட்டது நியாயம்தான்.
புது முகம் இல்லாவிட்டால் சனம் கேட்டோடு திரும்பிவிடும்,
என் சம்பளமும் அவர்களோடு பஸ் ஏறிவிடும்.
பழசே போதும் என்று சொல்ல
எனக்கு வாயும் இல்லை, வசதியும் இல்லை.

ஆனாலும் ஒன்று.
உச்சியில் ஒரு நொடி பெட்டி தயங்கும்.
உடம்பு இறங்கும், வயிறு இறங்காது.
மோட்டார் பார்க்கிற சுனேத் பத்து வருசமாய்க் கவனித்திருக்கிறான்,
அந்த நொடியில் ஒருவரும் கண் திறந்திருப்பதில்லையாம்.
நான் வரைவதெல்லாம்
வரிசையில் நிற்பவர்களுக்குத்தான்.

பதினெட்டாம் தேதி பகலிலேயே இருட்டியது.
பிதுருதலாகலை காணாமல் போனது, பிறகு வாவி,
பிறகு பக்கத்தில் நின்ற குதிரைக்காரனும் குதிரையும்.
ஆலங்கட்டி.
தார்ப்பாயின் கீழே ஒரே பிளேன்டீயை
நாலு பேர் குடித்தோம்.
விட்டதும் வந்து பார்த்தால்
நானா பேரம் பேசி வாங்கிய பெயின்ட்
சுட்ட அப்பளமாய்க் கொப்பளித்து உரிந்திருந்தது.
ஐந்தாம் பெட்டியில்தான் மோசம்.
இரும்பனின் தோளைக் கிழித்துக்கொண்டு
போன வருசத்து ஊதாக் கை ஒன்று
அவன் காதைப் பிடித்திருந்தது.
அதற்கும் கீழே, வாயோரம்,
எனக்கு முன்னால் இருந்த யாரோ வரைந்த
பச்சைக் கிளியின் அலகு.

நானா தலையில் கை வைத்தார்.
நனைந்த குடையோடு லபுக்கலைக் குடும்பம் ஒன்று வந்தது.
கடைக்குட்டி நெடுநேரம் முறைத்துவிட்டு,
"எனக்கு அந்தப் பெட்டி."
அண்ணன்காரன் படத்தைப் போனில் பார்த்தவன்.
"இப்புடி ஒண்ணு அதுல இல்லடி."
"அதான் கேக்குறேன்."

இரவு ஐந்தாம் பெட்டிக்குத் தனி வரிசை.
சல்லி எண்ணி முடித்த நானா
அதற்கு மட்டும் ஐம்பது ரூபா கூட்டினார்.
மற்ற பதினொன்றையும் சுரண்டு என்றார்.
சுரண்டினேன்.
கத்தி நேரே தகரத்துக்கே போய்விட்டது.

மே மாதம் பதுளைக்குப் போகிறது ராட்டினம்.
அங்கே எவனாவது கேட்பான், டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு,
இது எந்தப் படத்துல வருது அண்ணே என்று.
லொறியிலேயே சொல்லிப் பழகிக்கொண்டு போகிறேன்:
இன்னும் வரல தம்பி.