ஐயாயிரம்

ஒவ்வொரு மாதமும் இருபத்தைந்தாம் திகதி
கைபேசி ஒருக்கா அதிரும்.
ஏதாவதொரு கொம்பிரசரைக் கழற்றிக்கொண்டிருப்பேன்.
விரலெல்லாம் எண்ணெய்.
திரையைத் தொடாமலே தெரியும்:
ஐயாயிரம் ரூபாய் வரவு.

"பொம்பிளையிட்டையோ காசு வாங்கிறாய்?"
பக்கத்துக் கடையில் ரயர் ஒட்டுகிற வசீகரன் கேட்டான்.
கேட்டுவிட்டு என் தேத்தண்ணியையும் குடித்தான்.

கணக்கு இதுதான், வசீகரன்.
சட்டத்தரணி அம்மா
கடித உறையொன்றின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டியது.
ஒரு கிழமை அரியாலையில் என்னோடு,
மற்றக் கிழமை தட்டாதெருவில் தாயோடு.
நாள் சரிபாதி.
சம்பளம் சரிபாதி இல்லை.
சுகந்தினிக்கு ஆசுபத்திரியில் லட்சத்து இருபது.
எனக்குப் பழுதான பிரிட்ஜுகள் தருகிற அறுபது,
மாரி தொடங்கினால் அதுவும் சந்தேகம்.
பிள்ளைக்கு மாதம் முப்பதாயிரம் என்று வைத்தால்
இருபது அவள், பத்து நான்.
ஆனால் மிதுஷா என் வீட்டில் நிற்கிற நாட்களில்
பதினைந்து என் கையால்தான் கரையும்.
அந்த மிச்ச ஐந்து
கஸ்தூரியார் வீதியால் நடந்து
இந்த வீட்டுக்கு வரவேண்டும்.

அவன் தலையாட்டினான்.
விளங்கியதோ தெரியாது.
எனக்கே உறையைப் பார்க்காமல் விளங்க
ஒரு வருசம் எடுத்தது.

முதல் மூன்று மாதமும் அந்தக் காசை நான் தொடவில்லை.
வங்கியில் கிடக்கட்டும்,
ஒருநாள் முழுதாய்த் திருப்பி எறிவேன்
என்றொரு பெரிய எண்ணம்.
நான்காம் மாதம்
பள்ளிக்கூட வாசலில் அவளை இறக்கும்போது கண்டேன்,
இடது சப்பாத்தின் முனை வாய் திறந்து
பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.
என் ரோசத்தை
இவ்வளவு நாளும் அந்த விரல்தான்
தார் ரோட்டில் தேய்த்திருக்கிறது.

அன்றைக்கே பெரிய கடையில் இரண்டாம் நம்பர் வாங்கினேன்.
ஞாயிறு பின்னேரம் அவள் தாயிடம் போனபோது
அங்கேயும் ஒரு புதுச் சோடி,
அதே இரண்டாம் நம்பர், வேறு கடைப் பெட்டியில்.
சுகந்தினி தகவல் அனுப்பினாள்:
"இனி வாங்க முன்னம் சொல்லுங்கோ."
நானும் அதையே எழுதி
அனுப்பாமல் அழித்தேன்.
தை பிறக்க முன்னம்
இரண்டு சோடியும் கடித்தன.
கிழமை மாறி மாறி வளர
கால்களுக்குத் தெரியாது.

ஒரு சீஆர் கொப்பி வைத்திருக்கிறேன்.
ரியூசன் காசு, வான் காசு,
நீதிமன்றத்தில் ஒருநாள் கேட்டால் காட்ட.
பென்சில் கூர்மையாக்கி வரை எழுதியிருக்கிறேன்,
வெட்கம்தான்.
அவளும் ஒன்று வைத்திருப்பாள்.
அவளுடைய எழுத்து என்னுடையதைவிட வடிவு.

கார்த்திகையில் காய்ச்சல் வந்தது.
சரியாக ஞாயிற்றுக்கிழமை, மாறுகிற நாள்.
வெள்ளம் முழங்கால் மட்டும்.
ஓட்டோக்காரன் வரமாட்டேன் என்றுவிட்டான்.
டெங்குவோ என்ற பயத்தில் எனக்கு வாய் காய்ந்தது.
சுகந்தினி மழைக்கோட்டோடு ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்,
ரத்தம் எடுக்கிற ஊசியும்
ஒரு போத்தல் மல்லித்தண்ணியும் பையில்.
பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள்.
நான் குசினி வாசலில் நின்றேன்.
நாலு நாள் அப்படி.
கடமை முடிய வருவாள், ஒன்பது மணிக்குப் போவாள்.
மூன்றாம் நாள் பிளேற்லெற் இறங்கி
நாலாம் நாள் ஏறியது.
அந்த நேரம் மட்டும்
நாங்கள் இருவரும் ஒரே இலக்கத்தைப் பார்த்து
ஒரே மாதிரி மூச்சு விட்டோம்.
பிறகு அவள் கொடியில் கிடந்த மழைக்கோட்டைத் தேடினாள்.

மிதுஷா படுக்கையிலிருந்தே கேட்டாள்:
"அப்பா, இது ஆற்றை கிழமை?"

ஒப்பந்தத்தில் அதற்குப் பந்தி உண்டு.
நாட்கள் கூடினால் தொகையும் மாறலாம்,
ஐந்தாம் பந்தி, (ஆ).
கொப்பியைத் திறந்து
அந்த நாலு திகதியும் எழுதினேன்.
எதிரே என்ன போடுவதென்று தெரியவில்லை.

இருபத்தைந்தாம் திகதி கைபேசி அதிர்ந்தது.
அதே ஐயாயிரம்.
நாலு வரியும் இன்னும் வெறுமையாய்க் கிடக்கின்றன.
மூன்றாம் நம்பர் சப்பாத்துக்கு
இந்த முறை நான் முதலே சொல்லிவிட்டேன்.