ரேவதிக்குத் 'தே'

'தே, தோ, ச, சி' என்று
ஐயர் எழுதிக் கொடுத்த துண்டு
தவசீலனின் சட்டைப்பையில் வியர்த்திருந்தது.
"தேனுஜா எண்டு போடுங்கோ, மிஸ்."
மிளகாய்ச் சாக்கைத் தராசில் இறக்குவதுபோல்
பெயரை என் மேசையில் இறக்கினார்.

பிள்ளை தாயின் மடியில்.
தாய் என் பேனையையே பார்த்திருந்தாள்.
"தெபோறா," என்றாள்.

மின்விசிறி நின்றது.
துணுக்காயில் பத்தரைக்குக் கரண்ட் போகும்.

சைவக்காரர். நெற்றியில் காலைத் திருநீறு.
வீட்டுக்குப் பாஸ்டர் யாரும் வந்தாரோ என்று
நான் கேட்கக் கூடாது,
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஆனாலும் இந்த வருடத்தில் இது ஐந்தாவது.

ஏட்டைப் பின்னுக்குப் புரட்டினேன்.
ஜனவரி, பாண்டியன்குளம், டெபோரா:
சின்னத்திரையில் வருகிற டொக்டரின் பெயராம்.
மார்ச்சில் டெப்ரா:
கனடா மாமி போனில் அனுப்பியது.
மேயில் தெபொராள், யோகபுரம்:
சபையில் தீர்க்கதரிசனம் இறங்கியிருக்கிறது.
ஜூனில் டெவோறா. ஏன் என்று கேட்டதற்குத் தகப்பன்
"வடிவா இருக்கு" என்றார்.

தொண்ணூறுகளின் ஏட்டில் ஒன்றுகூட இல்லை.
அதில் இசைவிழியும் ஈழநிலாவும்
அணிவகுப்புப் போல நிற்கிறார்கள்.

"தேனுஜாவில என்ன குறை?"
தவசீலன் கேட்டது என்னையா, அவளையா தெரியவில்லை.
நான் மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை,
ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துச்
சொக்லேட் வென்றவள். வாய் சும்மா இருக்காது.
எபிரேயத்தில் அந்தப் பெயருக்குத் தேனீ என்று பொருள், என்றேன்.
'சொல்' என்பதற்கும் அதே மூன்று மெய்கள்தான்.
பேச்சும் ரீங்காரமும் ஒரே கூட்டில்.

அவர் சிரித்தார்.
வவுனிக்குளத்துக்கு அப்பால் பாலை மரப் பொந்துகளில்
புகை போட்டுத் தேன் எடுக்கிற மனுசன்.
இடது இமை இன்னும் வீங்கியிருந்தது.
"நான் தேனைக் கேட்டன். இவள் தேனீயைக் கேக்கிறாள்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.
பேரீச்ச மரத்தின் கீழிருந்து நியாயம் தீர்த்தவளைச் சொன்னேன்.
நீ வந்தால்தான் படையோடு போவேன் என்று
ஒரு தளபதி அடம்பிடித்ததைச் சொன்னேன்.
படை என்றதும்
அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"நான் கண்ட தெபோறா மிஸ்ஸி சண்டை பிடிக்கேல்லை.
சேலைன் போத்திலைக் கையில தூக்கிக்கொண்டு நிண்டவ,
இரவு முழுக்க. கொழுவ ஒரு கம்பி இல்லை.
மாத்தளன். எனக்குப் பன்னிரண்டு வயசு.
விடிய, என்ர கையில பிளாஸ்ரர் இருந்தது.
அவ, அந்தப் பூவரசடியில..."

தவசீலன் தரையைப் பார்த்தார்.
இது அவருக்கும் புதிது என்று நினைக்கிறேன்.

இன்னொரு தெபொராள் இருக்கிறாள்.
ஆதியாகமத்தில் ஒரே ஒரு வசனம்,
அதற்கு யாரும் சொக்லேட் தந்ததில்லை.
ரெபெக்காளின் தாதி.
பயணத்தின் நடுவில் செத்தாள்.
கர்வாலி மரத்தடியில் புதைத்தார்கள்,
மரத்துக்கு அழுகை என்று பெயர் வைத்தார்கள்.
தாதி. மல்லாவி ஆஸ்பத்திரி வாசலில்
பெயின்றில் எழுதியிருக்கிற அதே சொல்.

அதை நான் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம். ஆனால் கரண்ட் வந்தது,
பின்னால் இரண்டு பேர்
இறப்புப் பதிவுக்கு நின்றார்கள்.

"டானாவோ, தானாவோ?" என்றேன்.
"தானா."
தவசீலன் துண்டை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.
"ஐயர் தந்தது நெடில், மிஸ்."
அவளைப் பார்த்தார். கெஞ்சலாகத்தான்.

"போடட்டும்," என்றாள்.
"கூப்பிடேக்க நீளும்தானே."

எழுதினேன்: தேபோறா.
எந்த வேதாகமத்திலும் இல்லாத எழுத்து.
இந்த வருடத்தில் ஐந்தாவது,
நெடிலோடு முதலாவது.