வியாழக்கிழமை வாங்கிக்கொள்ளலாம்

புதன்கிழமை, இரவு பதினொன்றே கால்.
ஜஹ்ராவில் காற்றுகூட
இஸ்திரிப் பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது.
முப்பத்தொரு திஷ்தாஷா,
போலீஸ்கார ஹமூதின் இரண்டு சட்டை,
பாலஸ்தீன வாத்தியார் நஸீரின் நிச்சயதார்த்தக் கோட்டு.
எல்லாவற்றின் கழுத்திலும்
ஊசி குத்திய சீட்டு:
வியாழன், மாலை நான்கு.

கஞ்சி கூடிவிட்டது என்று
எனக்கும் ஞானதிரவியத்துக்கும் சண்டை.
அன்றைக்கு அந்த நாட்டில் நடந்த சண்டை
எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பேப்பரில் போட்டிருந்தார்கள்,
ஜித்தாவில் உட்கார்ந்து பேசுகிறார்களாம்.
எண்ணெய் விலை, கடன் பாக்கி, ஒரு எல்லைக்கோடு.
'பங்காளிகள் வரப்புத் தகராறு' என்றான் ஞானம்,
'அமீனா வந்து அளந்தால் தீரும்.'
அந்தப் பேப்பரை நான்காய் மடித்து
கோட்டின் தோளுக்குள் வைத்தேன்,
விறைப்பு நிற்க.

பின்னால் யோசித்தால் எல்லாமே அடையாளம்தான்.
பஸ்ரா லாரி ஓட்டும் கரீம்
மூன்று வாரமாக வரவில்லை,
அவன் கம்பளிச் சட்டை இன்னும் ஆணியில்.
ஹமூத் என்றுமில்லாமல் பாக்கியைத் தீர்த்தார்.
ஆனால் சம்பளமும் அன்றுதான் வந்திருந்தது.
விருந்தாளி செருப்பைக் கழற்றிய பிறகுதானே
காலையில் காகம் கத்தியது ஞாபகம் வருகிறது.

ஒன்பதாம் வகுப்பில் தமிழய்யா சொல்லியிருந்தார்:
ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடுவான்,
மீட்க வருகிறவன் கரந்தை.
தலையில் உள்ள பூவைப் பார்த்தால் போதும்,
என்ன வருகிறது என்று தெரியும்.
ஐந்து மதிப்பெண்.
முழுசாக வாங்கியிருக்கிறேன்.

விடிவதற்குள் கண்ணாடிக் கதவு
பல்லைக் கடித்தது.
தண்ணீர் லாரி என்று புரண்டு படுத்தேன்.
கம்பியில் ஹாங்கர்கள் இடித்துக்கொண்டன.
முப்பத்தொரு வெள்ளை உடுப்பும்
ஆளில்லாமல் நடுங்கின.
ஷட்டரை ஒரு முழம் தூக்கிப் பார்த்தோம்.
சாலை முழுக்க இரும்பு.
நாற்பது வரை எண்ணினான் ஞானம்,
பிறகு எண்ணுகிறோம் என்பதையே மறந்துவிட்டான்.
ஒருவன் தலையிலும் பூ இல்லை.

ஒரு வண்டி பழுதாகி எங்கள் வாசலில் நின்றது.
இறங்கி வந்தவனுக்கு
மீசை இன்னும் தீர்மானிக்கவில்லை.
தண்ணீர் கேட்டான். குடித்தான்.
'இது எந்த ஊர்?' என்றான்.
சொன்னேன்.
மறுபடி கேட்டான்.
மறுபடி சொன்னேன்.
பயிற்சி என்று சொல்லித்தான் ஏற்றினார்களாம்.
அவன் அரபியில் எனக்குப் பாதிதான் புரியும்,
அவனுக்கும் அன்றைக்கு
அவ்வளவுதான் புரிந்திருக்க வேண்டும்.
டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்,
நன்றாக வளர்த்த வீட்டுப் பிள்ளை.

மாலை நான்கு.
ஹமூத் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை.
நாலரைக்கு நஸீர் வாத்தியார் வந்தார்,
சீட்டை நீட்டினார்,
சில்லறை பார்த்து எண்ணி வைத்தார்.
'அறுபத்தேழில் எனக்கு எட்டு வயது.
கணக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.
கழித்தல் கணக்கு. கடன் வாங்கும் இடத்தில்
யாரோ தெருவில் கத்தினார்கள்.'
அப்புறம் கோட்டின் காலரைத் தடவி
'கஞ்சி சரியாக இருக்கிறது' என்றார்.
ஞானம் என்னைப் பார்த்தான்.
சங்கிலித்தடம் பதிந்த தாரின் மேல்
கோட்டைத் தூக்கிப் பிடித்தபடி,
தரையில் படாமல், அவர் போனார்.
பேப்பரை எடுக்க மறந்திருந்தேன்.
நேற்றைய சமாதானம் அவர் தோளுக்குள் இருந்தது.

ஒன்பது நாள் கழித்து அந்தப் பையன்
ஒரு மூட்டை காக்கியோடு வந்தான்.
எண்ணெய்க் கறை, வியர்வை உப்பு,
ஒன்றில் மட்டும் காய்ந்த வேறொன்று,
அதை அவனே உள்பக்கமாக மடித்திருந்தான்.
'எப்போது கிடைக்கும்?'
கை பழக்கத்தில் வியாழன் என்று எழுதியது.
எழுதியதை அவனும் நானும்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உள்ளேயிருந்து ஞானம் கேட்டான்,
இதுக்கு
கஞ்சி போடணுமா, வேண்டாமா?