வரி

பந்தலூர் பஜாரில், மருந்துக்கடை மாடியில்
டிடிபி போடுகிறவள் நான்.
மாரியம்மன் திருவிழா நோட்டீஸ்
நாலாவது தடவையாகத் திருத்தத்துக்கு வந்திருக்கிறது.

முதல் புரூஃபில் அம்மன் பாதித் தாளுக்கு இருந்தாள்.
பிறகு தலைவர் பெரியாங்குட்டி பெயரைப்
பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு பாயிண்ட் ஆக்கினேன்.
அதைப் பார்த்த சங்கச் செயலாளருக்குத்
தன் பதினெட்டு சின்னதாகத் தெரிந்தது.
எதிர்ச் சங்கத்துக்காரர் போனில்:
"எங்காளு படம் மடிப்புல விழுதும்மா,
மடிச்சா மூஞ்சி ரெண்டாப் போவுது."
கவுன்சிலர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்,
கோட்டு போட்டு, கை கூப்பி.
அம்மனை மூலையைப் பிடித்து
இழுத்து இழுத்துச் சிறிதாக்கினேன்.
இப்போது தீப்பெட்டி அளவில் இருக்கிறாள்.
கோபித்த மாதிரி தெரியவில்லை.
அந்த அளவில் முகம் தெரியாது.

இன்று பெரியாங்குட்டியே மாடியேறி வந்தார்.
மழைச்சட்டையைக் கதவில் மாட்டினார்.
டீ சொன்னார், காசும் அவரே கொடுத்தார்.
"எல்லாம் சரியாயிருக்கு பாப்பா.
கடைசிக்கு முந்தின வரியை மட்டும் எடுத்துரு."

அந்த வரி:
இரவு 11 மணிக்கு சக்தி கரகம்
ஐந்தாம் லைன் வரை சென்று திரும்பும்.

போன வருடமும் இருந்தது. அதற்கு முந்தின வருடமும்.
எல்லா லைனும் ஒரே கப்பலில் வந்த சனம்தான்,
மண்டபம் கேம்பில் ஒரே வரிசையில் நின்று
அட்டை வாங்கிய சனம்.

"அவங்க இந்த வருசம் வரி கட்டலியே."

கட்டப் போனோம்.
முப்பத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து
ரப்பர் பேண்டு போட்டு எடுத்துப் போனான் அண்ணன்.
பொருளாளர் நோட்டைத் திறக்கவில்லை.
"கமிட்டியில ஒரு ஆள் கேக்கறீங்களாமே,
அதப் பேசி முடிச்சிட்டு வாங்கிக்குவோம்."

வரி வாங்காததால் வரி கட்டாத லைன்,
வரி கட்டாததால் வரி இல்லாத லைன்.
இத்தனைக்கும் ஒரே சொல் போதும் என்று
தமிழில் வைத்தவர் யாரோ,
அவருக்கும் ஒரு கமிட்டி இருந்திருக்கும்.

நான் எந்த லைன் என்று அவருக்குத் தெரியும்.
ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.
செலக்ட் செய்தேன். வரி நீலமானது.
டெலிட்.
கீழே இருந்தது மேலே ஏறிக்கொண்டது,
இடைவெளிகூட இல்லை:
அனைவரும் வருக. அம்மன் அருள் பெறுக.

திருவிழா அன்று பனி முழங்கால்வரை இறங்கியிருந்தது.
பிள்ளைமடுவத் திருப்பம்.
இடது கை எங்கள் லைன், வலது கை கோயிலுக்குத் திரும்பும் பாதை.
கரகத்தோடு பூசாரி மருதை, வேப்பிலை நடுங்க.
முன்னால் ஆறு தப்பு, எங்கள் ஆட்கள்.
(தப்பாட்டம் நோட்டீஸில் உண்டு. பதினான்கு பாயிண்ட்.)

திருப்பத்தில் அண்ணன் தப்பை இறக்கினான்.
கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைக் கூட்டி
நெருப்புப் போட்டான்.
பனியில் தோல் தளர்ந்துவிட்டதாம்.
யார் என்ன சொல்ல முடியும்,
தோல் என்றால் காய்ச்சத்தான் வேண்டும்.

மருதை தூக்கிய காலை எங்கே வைப்பது என்று நின்றார்.
கரகம் தரையில் இறங்கக் கூடாது.
அடியில்லாமல் நகரவும் கூடாது.
பெரியாங்குட்டி போனை எடுத்தார், டவர் இல்லை.
இரண்டு சங்கமும் முதல் தடவையாக
ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.
குச்சி வெடித்தது.
இடது பக்கம், பல்பு வெளிச்சத்தில்,
மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு யாரோ
வாசலுக்கு வந்து நிற்பது
பனிக்குள் புகைபோலத் தெரிந்தது.
ஒரு தோல் காய எவ்வளவு நேரம் ஆகும் என்று
எந்த நோட்டீஸிலும் நான் அடித்ததில்லை.

ஆயிரம் பிரதி. திருத்தம் ஐந்து.
பாக்கி ஆயிரத்து எண்ணூறு இன்னும் வரவில்லை.
கேட்டால்,
பேசி முடிச்சிட்டுத் தருவோம் என்கிறார்கள்.